ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஒரு தீவு!

‘‘மச்சி, படிப்பு முடியறதுக்குள்ள ஒரு தீவுக்கு டூர் அடிச்சிரணும்டா!’’

ஃபைனல் இயர் வந்துவிட்டால் எல்லா ஹாஸ்டல் ரூமிலும் இந்த டயலாக் கேட்கும். உடனே ஒருத்தன் மொபைலை எடுத்து மத்தியதரைக் கடல் பக்கம் போய் மால்டா, சைப்ரஸ் என்று படம் காட்டுவான். சுற்றிலும் தண்ணீர், கோட்டை மதில், குறுகலான பழைய தெரு... ஆஹா! அடுத்த நிமிஷமே பாஸ்போர்ட், விசா, ஃபிளைட் டிக்கெட் என்று கணக்குப் போட்டதும் ரூமே கப்சிப். ‘சரி வா, கேன்டீன்ல டீயாவது குடிப்போம்’ என்று கிளம்பிவிடுவார்கள்.

கொஞ்சம் இருங்க பாஸ்! சுற்றிலும் தண்ணீர், கோட்டை மாதிரி மதில், நடந்தே பார்க்கக்கூடிய பழைய ஊர், காலையில் போய் ராத்திரி திரும்பிவிடும் தூரத்தில் சூப்பர் ஸ்பாட்கள்... இத்தனையும் இருக்கும் தீவு ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கிறது. விசா வேண்டாம். திருச்சியில் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறினால் போதும்.

ஸ்ரீரங்கம்!

‘அட, அது பாட்டி, தாத்தா போற இடமாச்சே’ என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மேப்பை ஒரு தடவை பாருங்கள். மேற்கே முக்கொம்பில் காவிரி ரெண்டாகப் பிரிகிறது. தெற்கே ஓடுவது காவிரி, வடக்கே ஓடுவது கொள்ளிடம். கிழக்கே கல்லணையில் ரெண்டும் மறுபடி பக்கத்தில் வருகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட நிலம்தான் இந்தத் தீவு. நீளம் கிட்டத்தட்ட 30 கி.மீ. மால்டாவின் பெரிய தீவே 27 கி.மீ. நீளம்தான்!

மூணு நாள் கையில் இருந்தால் இந்தத் தீவையும் சுற்றுவட்டாரத்தையும் அருமையாகப் பார்க்கலாம். ஆனால், பிளான் சரியாக இருக்க வேண்டும். அதை நாங்கள் சொதப்பித்தான் கத்துக்கிட்டோம்.

13 இடமும் மூஞ்சி தூக்கலும்!

நாங்கள் நாலு பேர். முதல் வருஷத்திலிருந்தே ஒரே பெஞ்ச். செகண்ட் இயரில் திருச்சி பக்கம் ஒரு டூர் போட்டோம். எங்களில் ஒருத்தன் ‘லிஸ்ட்’ பார்ட்டி. ரெண்டு நாளில் 13 இடம் என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வந்தான். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், நடுவில் ஒரு டேம், ஒரு அருவி... நேரம் வாரியாக, பஸ் வாரியாக!

என்ன ஆச்சு? முதல் கோயிலுக்கு மதியம் 12:45-க்குப் போய்ச் சேர்ந்தோம். நடை சாத்தியாச்சு. ‘நாலு மணிக்கு வாங்க தம்பி’ என்றார் வாசலில் பூக்கடைக்காரர். நாலு மணிக்கு நாங்கள் லிஸ்ட்படி வேறு ஊரில் இருந்தாக வேண்டும். அங்கே ஆரம்பித்தது சண்டை. ‘உன்னாலதான்டா லேட்டு’, ‘நீ குளிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டா?’ என்று வளர்ந்து, திரும்பும்போது பஸ்ஸில் நாலு பேரும் நாலு சீட்டில். பார்த்தது 13-ல் 6. அதிலும் நாலு பஸ் ஸ்டாண்ட்!

ஃபைனல் இயர் கடைசியில் மறுபடி ஒரு சான்ஸ் வந்தது. ஒருத்தனுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. இன்னொருத்தன் அப்பாவின் கடையில் உட்காரப் போகிறான். நாலு பேரும் சேர்ந்து போகும் கடைசி டூர் இதுவாகவே இருக்கலாம். இந்தத் தடவையும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கூடாது என்பது மட்டும்தான் முடிவு. லிஸ்ட் பார்ட்டி நோட்டை மூடிவிட்டு மூணே மூணு ரூல் எழுதினான்.

1. ராத்திரி தங்குவது ஒரே இடம். பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலையக் கூடாது.

2. ஒரு நாளைக்கு ஒரு திசைதான்.

3. மதியம் 12:30 முதல் 4 மணி வரை பிளானே கிடையாது. சாப்பாடு, தூக்கம், அரட்டை!

மால்டா போகிறவர்களும் இப்படித்தான் ஓர் ஊரில் ரூம் போட்டுவிட்டு, தினம் ஒரு பக்கம் பஸ்ஸில் போய் ராத்திரி திரும்பிவிடுகிறார்கள். தீவு டூருக்கு இதுதான் பெஸ்ட் ஃபார்முலா.

ரிட்டர்ன் டிக்கெட் முதல்ல!

போகும் டிக்கெட்டுக்கு முன்னால் திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள். இதைச் சொல்ல ஒரு ஹிஸ்டரி கதை உண்டு. 1752-ல் திருச்சியைப் பிடிக்க வந்த ஃப்ரெஞ்சுப் படை, லா என்ற தளபதியின் தலைமையில் ஸ்ரீரங்கம் தீவுக்குள் வந்து உட்கார்ந்தது. ரெண்டு பக்கமும் ஆறு, பெரிய மதில்... பாதுகாப்பு என்று நினைத்தார்கள். எதிர்த் தரப்பில் ராபர்ட் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரம் பக்கம் போய் வழியை அடைத்துவிட்டார். உதவியும் வரவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. ஜூன் மாதம் சரணடைந்தார் லா. தீவுக்குள் போவது ஈஸி. திரும்பும் வழிதான் முக்கியம் மக்களே!

சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலையில் திருச்சி. சில ரயில்கள் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே நிற்கும். டிக்கெட் போடும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு நியூஸ்: 2025 ஜூலை முதல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூரில் கட்டிய புது பஸ் நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைப்பில் ‘சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் வரும்போது எழுப்பு’ என்று தூங்கிவிடாதீர்கள். பஞ்சப்பூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து சென்ட்ரல் வந்துவிட்டால், அப்புறம் சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போவது நம்ம ஹீரோ ஒண்ணாம் நம்பர். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கேர்ள்ஸ் கேங்குக்கு பஸ் செலவில் பாதி அங்கேயே மிச்சம்!

ரூம்? கொள்ளிடக் கரையில் பஞ்சக்கரை ரோட்டில் கோயில் நிர்வாகத்தின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. கோயிலைச் சுற்றிச் சின்னச் சின்ன லாட்ஜ்களும் உண்டு. ஆனால், நாலு பசங்க பையோடு போய் நின்றால் ‘ரூம் இல்லப்பா’ என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. எங்களுக்கும் அந்த அனுபவம் உண்டு. முன்கூட்டியே போன் பண்ணி, எத்தனை பேர் என்று சொல்லி, ஆளுக்கு ஓர் அடையாள அட்டையோடு போங்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசித் திருவிழா பகல் பத்து, இராப்பத்து என்று மூணு வாரம் நடக்கும். அந்தச் சமயத்தில் திடீரென்று போய் ரூம் தேடினால் பிளாட்பாரம்தான்.

முதல் நாள்: நடந்து போ!

முதல் நாள் பஸ்ஸே வேண்டாம். ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர். ஏழு பிராகாரம், 21 கோபுரம். இதில் ஆச்சரியம் என்னவென்றால், வெளிப் பிராகாரங்களில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். சித்திரை வீதி, உத்தர வீதி என்று தெருவே மதிலுக்குள்தான். பேங்க், மளிகைக் கடை, டியூஷன் சென்டர், கோலம் போட்ட திண்ணை... எல்லாமே கோயிலுக்குள்! ஒவ்வொரு மதிலாகத் தாண்டி உள்ளே போகும்போது சத்தம் குறைந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள்.

தெற்கு வாசலில் 13 நிலை ராஜகோபுரம். உயரம் 236 அடி. இது ரொம்பப் பழைய கோபுரம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இல்லையாம்! விஜயநகர காலத்தில் ஆரம்பித்து, சுமார் 400 வருஷம் பாதியிலேயே மொட்டையாக நின்று, அகோபில மடத்தின் ஜீயர் முயற்சியில் 1987-ல்தான் முடிந்தது. ‘நம்ம அரியர் பேப்பரும் ஒரு நாள் கிளியர் ஆகும்டா’ என்று எங்கள் சாப்பாட்டு ராமன் நம்பிக்கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கிழக்குப் பக்கம் சேஷராயர் மண்டபத்தை மிஸ் பண்ணவே பண்ணாதீர்கள். ஒற்றைக் கல் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகள், அதன் மேல் வீரன், கீழே புலி. குதிரையின் கடிவாளம் வரைக்கும் கல்லில் தெரிகிறது. அதே பக்கம் ஆயிரங்கால் மண்டபம். எண்ணிப் பார்த்தால் 953 தூண்தான் இருக்கிறது.

பக்கத்திலேயே சுண்ணாம்பு வெள்ளையில் வெள்ளைக் கோபுரம். 14-ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படை வந்தபோது வெள்ளையம்மாள் என்ற நாட்டியப் பெண், படைத் தலைவனை இந்தக் கோபுரத்து உச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்துவிட்டாள் என்பது ஊர்க்கதை. அவள் நினைவாகத்தான் வெள்ளை அடிக்கிறார்கள் என்கிறார்கள். கதை எப்படியோ, 1323-ல் படையெடுப்புக்குப் பயந்து ஊரை விட்டுக் கொண்டுபோன உற்சவர் சிலை, ஊர் ஊராகச் சுற்றி 1371-ல்தான் திரும்பி வந்தது என்பது வரலாறு. 48 வருஷம்!

சில டிப்ஸ்: பூஜைக்காக இடையிடையே நடை சாத்துவார்கள். அதனால் காலையில் முதல் வேலையாக தரிசனத்தை முடித்துவிட்டு அப்புறம் மண்டபங்களைச் சுற்றுங்கள். ஷார்ட்ஸ் வேண்டாம். கருங்கல் தரை 11 மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். உள்பிராகாரத்துக்கு மேல் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. கேங்கில் வேறு மதத்து நண்பர்கள் இருந்தால் அவர்களை வாசலில் நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடாதீர்கள். கோபுரங்கள், குதிரை மண்டபம், வீதிகள் எல்லாம் எல்லோரும் பார்க்கலாம். அதைச் சேர்ந்து பாருங்கள். சந்நிதிக்கு ரெண்டு பேர் ரெண்டு பேராகப் போய்விட்டு வாருங்கள்.

பர்ஸ் காலியா? கவலையே வேண்டாம். 2012-லிருந்து இந்தக் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் உண்டு. தரையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டு வந்து ரூமில் சாய்ந்தால்... மூணாவது ரூல் தானாக அமலுக்கு வரும்!

சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறை. அங்கே காவிரியைப் பார்த்துவிட்டு, 1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தைத் தாண்டி மலைக்கோட்டை. அதாவது, தீவை விட்டு வெளியே வருகிறோம். காரணம் இருக்கிறது. தீவை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் தீவுக்கு வெளியே, அதுவும் உயரத்தில் நிற்க வேண்டும். நானூறுக்கும் மேற்பட்ட படி. மூச்சு வாங்கினால் நடுவில் தாயுமானவர் கோயிலும், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகையும் இருக்கின்றன. உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏறுங்கள்.

உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்றால் காற்று ஆளையே தள்ளுகிறது. கீழே காவிரி, அதற்கப்பால் பச்சைப் பசேலென்று தென்னை, வாழை, நடுவில் ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடத்து மணல். ‘அட, நிஜமாவே தீவுதான்டா!’ என்றான் காலையிலிருந்து வாயே திறக்காத தூங்குமூஞ்சி.

இந்த மலையையும் அந்தத் தீவையும் முடிச்சுப் போடும் கதை ஒன்று உண்டு. ராமர் கொடுத்த ரங்கநாதர் சிலையை விபீஷணன் இலங்கைக்குத் தூக்கிப் போகிறான். வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது என்பது கண்டிஷன். காவிரியைப் பார்த்ததும் குளிக்க ஆசை. பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறான். பையன் சிலையைத் தீவிலேயே வைத்துவிட, அது அசையவே இல்லை. துரத்திய விபீஷணனிடமிருந்து தப்பி, பையன் ஓடி ஏறிய இடம் இந்த மலை. நெற்றியில் ஒரு குட்டு வாங்கிய அந்தப் பையன்தான் பிள்ளையாராம். பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடமோ கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைக்காது!

ரெண்டாம் நாள்: கிழக்கே போகும் பஸ்!

ரெண்டாம் நாள் திசை, கிழக்கு. தீவுக்குள்ளேயே இருக்கும் திருவானைக்காவலில் ஆரம்பம். காலையில் முதல் வேலை பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட். 1940-களிலிருந்து நடக்கும் ஓட்டல். ஏ.சி., மெனு கார்டு பந்தா எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தோசை வரும் வரை மணம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டு ராமன் எத்தனை சாப்பிட்டான் என்பதை அவன் அம்மா படித்துவிடக் கூடாது என்பதற்காக இங்கே எழுதவில்லை.

ஜம்புகேஸ்வரர் கோயில், பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. கருவறையில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ரெண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கும் ஊரில் நீருக்கு ஒரு கோயில்! இங்கே உச்சிக்கால பூஜை ரொம்ப ஸ்பெஷல். அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு, அம்பாளே வந்து பூஜை செய்வதாக பாவித்து, சுவாமி சந்நிதிக்கு வருவார். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மணி சரியாக மதியம். மூணாவது ரூல்!

ஒரு கொசுறு: நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமன் 1888-ல் பிறந்தது இந்தத் திருவானைக்காவலில்தான். எழுத்தாளர் சுஜாதா பாட்டி வீட்டில் வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். அவர் எழுதிய ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ படித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு திண்ணையும் தெரிந்த திண்ணை மாதிரியே இருக்கும். அவரும் அப்துல் கலாமும் படித்த செயின்ட் ஜோசப் காலேஜ், மலைக்கோட்டைக்குப் பக்கத்தில்தான்.

வெயில் இறங்கியதும் கல்லணை பஸ். திருவானைக்காவலிலிருந்து கல்லணை போகும் ரோடு, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று தீவுக்குள்ளேயே கடைசி வரை போகிறது. ரெண்டு பக்கமும் வாழைத் தோப்பு. ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

கல்லணையில் தீவு முடிகிறது. இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ் கொஞ்சம் கவனிங்க. சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு கரிகாலன் கட்டியது என்று சொல்லப்படும் அணை இது. 1,079 அடி நீளம். ஆற்றுக்கு அடியில் பாறையே இல்லை, வெறும் மணல். மணலில் எப்படி அஸ்திவாரம்? பெரிய பெரிய கல்லை ஆற்றில் போட்டார்கள். அது மணலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்தது. அதன் மேல் இன்னொரு கல், நடுவில் களிமண். இனிமேல் இறங்காது என்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே போனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆர்தர் காட்டன், இந்த டெக்னிக்கைப் பார்த்து அசந்துபோனார். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இங்கே கற்றுக்கொண்டுதான் பின்னால் கோதாவரியில் அணை கட்டினார்.

அவர் செய்த இன்னொரு வேலை, தீவின் மறு முனையான முக்கொம்பில். கொள்ளிடம் சரிவாகவும் நேராகவும் ஓடுவதால் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே போக ஆரம்பித்தது. காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. அப்படியே விட்டிருந்தால் இந்தப் பக்கம் காவிரியே காணாமல் போயிருக்கும். தீவு ஏது? அதைத் தடுக்கத்தான் 1836-ல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டினார். ஆக, நாம் சுற்றும் தீவு, ரெண்டு முனையிலும் மனுஷன் கட்டிய அணையால் காப்பாற்றப்பட்ட தீவு!

கல்லணையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கரிகாலன் யானை மேல் உட்கார்ந்திருக்கும் சிலைக்குப் பக்கத்தில் வேர்க்கடலை. மதகு வழியாக விழும் தண்ணீர்ச் சத்தம். அடுத்து எங்கே என்று யாரும் கேட்கவில்லை. செகண்ட் இயர் சண்டையைப் பற்றி லிஸ்ட் பார்ட்டியே பேச்சை எடுத்து, ‘ஸாரிடா’ என்றான். நாலு பேரும் சிரித்துவிட்டோம்.

ஆத்துல இறங்காதீங்க!

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த நாள் விடிகாலை ரூமிலிருந்து நடந்து கொள்ளிடக் கரைக்குப் போனோம். அகலமான ஆறு, பாதிக்கு மேல் மணல், நடுவில் கண்ணாடி மாதிரி தண்ணீர். முழங்கால் ஆழம்கூட இருக்காது போலத் தெரிந்தது. புனே போகப் போகிறவன் சட்டையைக் கழற்றிவிட்டான். நாலு அடி வைத்திருப்பான்.

‘‘தம்பீ... அங்க போகாத! மணல் அள்ளுன குழி!’’

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் குரல். அவர் ஒரு கல்லை எடுத்து, அவன் நின்ற இடத்துக்கு ரெண்டடி தள்ளிப் போட்டார். ‘க்ளக்’ என்று போய்விட்டது. மேலே இருந்த தண்ணீர் அசையக்கூட இல்லை. ‘‘நீச்சல் தெரிஞ்ச பசங்களே மேல வரல. வெளியூர்ப் பசங்கதான் எப்பவும்...’’ என்று பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி துணியைக் கும்ம ஆரம்பித்தார். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கொள்ளிடம் என்பது வெள்ளத்தைக் கொள்ளும் இடம். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கும். மேலே அணைகளில் உபரி நீரைத் திறந்துவிட்டால் இங்கே மழையே இல்லாமல் வெள்ளம் வரும். 2018 ஆகஸ்ட்டில் என்ன ஆனது தெரியுமா? 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. இரும்பையும் கல்லையுமே தள்ளிவிடும் ஆறு, நம்மை என்ன செய்யும்?

குளிக்கணும் என்றால் அம்மா மண்டபம் மாதிரி ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், படியிலேயே நின்று குளியுங்கள். கல்லணை, முக்கொம்பு மதகுப் பக்கம் கால்கூட நனைக்க வேண்டாம். ‘அபாயம்’ போர்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு அதைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால், அந்த அக்கா மாதிரி ஒரு குரல் கொடுங்கள். ஆற்றைப் பார்க்கத்தான் வந்தோம். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புவோம்.

மூணாம் நாள்: மூணுல ஒண்ணு!

கடைசி நாள் வெளியூர். மூணு சாய்ஸ் தருகிறோம். ஒன்றே ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றையும் போட ஆசைப்பட்டால் எங்கள் செகண்ட் இயர் கதைதான்!

சாய்ஸ் 1, தஞ்சாவூர்: ரயிலில் சுமார் 50 கி.மீ. திருச்சி ஜங்ஷனிலிருந்து பாசஞ்சர் ரயில் பிடித்தால் செலவு ரொம்பக் கம்மி. 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயில், அப்புறம் அரண்மனை. முதல் தடவை போகிறவர்களுக்கு இதுதான்.

சாய்ஸ் 2, நார்த்தாமலையும் சித்தன்னவாசலும்: புதுக்கோட்டை ரூட். பாறை ஏறப் பிடிக்கும் பார்ட்டிகளுக்கு. நார்த்தாமலையில் மொட்டைப் பாறை மேல் ஏறினால் விஜயாலய சோழீஸ்வரம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. நாங்கள் போனபோது எங்களையும் காற்றையும் தவிர யாருமே இல்லை. சித்தன்னவாசலில் சமணர் குகை ஓவியம்: தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் துறவி. பாறைக்கு மேலே ஏழடிப்பட்டத்தில் துறவிகள் படுத்த கல் படுக்கைகள். பஸ் குறைவு என்பதால் நாலு பேர் சேர்ந்து வண்டி பேசிவிடுவது நல்லது. பாறையில் நிழல் கிடையாது. ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம்.

சாய்ஸ் 3, திருவெள்ளறையும் முக்கொம்பும்: டயர்டாக இருந்தால் இது போதும். துறையூர் ரோட்டில் சுமார் 20 கி.மீ. போனால் திருவெள்ளறை. பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில், பல்லவர் காலத்தில் வெட்டிய ஸ்வஸ்திகா வடிவக் கிணறு. நாலு பக்கமும் படி. ஒரு படித்துறையில் குளிப்பவருக்கு அடுத்த படித்துறையில் இருப்பவர் தெரியமாட்டார். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய பிரைவசி! காலையில் அதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கரூர் ரோட்டில் முக்கொம்பு பூங்கா. முதல் நாள் தீவின் நடு, ரெண்டாம் நாள் கிழக்கு முனை, மூணாம் நாள் மேற்கு முனை. தீவை முழுசாகப் பார்த்த மாதிரி ஆச்சு.

நாங்கள் எடுத்தது ரெண்டாவது சாய்ஸ். எங்கள் லிஸ்ட் பார்ட்டி மட்டும் பழைய பாசத்தில், ‘அப்படியே கொடும்பாளூர்...’ என்று ஆரம்பித்தான். மூணு பேரும் ஒரே நேரத்தில் முறைத்தோம். நோட்டு உள்ளே போய்விட்டது.

பர்ஸ் மேட்டர்!

பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றினால் பெரிய செலவு ரூம்தான். அதை நாலாக வகுத்துவிட்டால் சமாளிக்கலாம். கிளம்பும்போதே ஆளுக்கு ஒரே தொகையை ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்கள். பஸ், சாப்பாடு, செருப்பு டோக்கன், தண்ணீர் எல்லாம் அந்தப் பொதுப் பணத்திலிருந்து. ‘நான் அப்ப டீ வாங்கிக் கொடுத்தேனே’ என்கிற கணக்கு வழக்கே வராது. மூணாம் நாள் மிச்சம் இருந்தால் மணப்பாறை முறுக்கு வாங்கி, நாலு வீட்டுக்கும் பங்கு போட்டுவிடுங்கள்.

எப்போது போகலாம்? மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி ஓடும் மாதங்கள்தான் அழகு. வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். ஆடிப்பெருக்கு சமயம் ஊரே ஆற்றங்கரையில் இருக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள். ஏப்ரல், மே மாதத் திருச்சி வெயிலைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்!

எங்கள் மூணு நாளில் பார்த்தது மொத்தம் எட்டு இடம்கூட இல்லை. திரும்பும் ரயிலில் நாலு பேரும் ஒரே பெர்த்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, விடிய விடியப் பேசிக்கொண்டே வந்தோம். அதற்கடுத்த வாரம் அவன் புனே கிளம்பிவிட்டான். இப்போதும் போன் பண்ணினால் ராஜகோபுரத்தின் உயரத்தைப் பற்றியா பேசுகிறோம்? ‘அந்த அக்கா மட்டும் கூப்பிடலைன்னா...’ என்று ஆரம்பிப்பான். அப்புறம் கல்லணையில் வாங்கிய வேர்க்கடலையைப் பற்றிப் பேச்சு வந்துவிடும்.

அடுத்த செமஸ்டர் லீவு எப்போ? கேங்கைக் கூப்பிடுங்க, நோட்டை மூடுங்க, பையைத் தூக்குங்க. தீவு காத்துக்கிட்டு இருக்கு... ரிட்டர்ன் டிக்கெட் மறக்காம!